சத்தம் போடும் செயின்



வழக்கமாக நாற்றங்கால், மேலுரம், பூச்சி மருந்து என்று பேசுகிற இடத்தில் இன்றைக்கு மோட்டார் சைக்கிள் செயினைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். "பயிருக்கும் செயினுக்கும் என்னங்க சம்பந்தம்?" என்று கேட்பீர்கள். விடியற்காலையில் பெருநகர் ரோட்டு ஓரமாக நின்று பாருங்கள். பால் கேன் போவது மோட்டார் சைக்கிளில். யூரியா மூட்டை வருவது மோட்டார் சைக்கிளில். நாற்றுக் கட்டு, மருந்து தெளிக்கிற கைத்தெளிப்பான், பம்பு செட்டுக்கு டீசல், பள்ளிக்கூடத்துப் பிள்ளை, எல்லாம் அதன் மேல்தான். அந்தக் காலத்தில் மாட்டு வண்டி செய்த வேலையில் பாதியை இப்போது இதுதான் செய்கிறது.

மாட்டு வண்டி அச்சுக்கு வைக்கோல் கரியையும் விளக்கெண்ணெயையும் குழைத்து மை போட்ட கை நம்முடைய கை. சக்கரம் கிறீச்சென்றால் "அச்சு காயுது, இறங்கிப் பாரு" என்று வண்டியில் படுத்திருந்த பெரியவர் கண்ணைத் திறக்காமலே சொல்லுவார். அந்தக் காதை இந்த வண்டிக்கும் கொஞ்சம் கொடுத்தால் போதும். செயின் அறுந்து போவதற்கு முன்னால் பல நாள் சத்தம் போட்டுச் சொல்லிவிட்டுத்தான் அறுகிறது.

சத்தத்துக்குப் போவதற்கு முன்னால் ஒரு விஷயம். இன்றைக்கு நான் சொல்வதில் மற்றதெல்லாம் மறந்துபோனாலும் இதை மறக்கக் கூடாது. இன்ஜின் ஓடும்போது செயினில் கை வைக்காதீர்கள். சென்டர் ஸ்டாண்டு போட்டு, முதல் கியரில் விட்டு, பின்சக்கரம் தானே சுற்ற, ஒரு கையில் எண்ணெய் டப்பா, ஒரு கையில் துணி என்று துடைக்கிற பழக்கம் பல ஊர்களில் இருக்கிறது. சீக்கிரம் வேலை முடியும் என்பது வாஸ்தவம்தான். ஆனால் துணியின் ஓரம் ஒரு பல்லில் மாட்டினால் கையையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். நாம் கையை இழுத்துக்கொள்ள அவகாசமே இருக்காது. பல்லுக்கும் செயினுக்கும் நடுவில் போன விரல் நுனி திரும்ப வராது. கதிர் அறுக்கிற கை, பால் கறக்கிற கை அது. ஆகையால் சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, நியூட்ரலில் வைத்து, டயரைப் பிடித்துக் கையால் சுற்றியே எந்த வேலையும் செய்யுங்கள். நீங்கள் துடைக்கும்போது சின்னப் பிள்ளையை விட்டுச் சக்கரத்தைச் சுற்றச் சொல்வதும் வேண்டாம். அது விளையாட்டாக வேகமாகச் சுற்றிவிடும்.

சரி, செயின் எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். வெளியில் தெரிகிற தகடு மட்டும் செயின் அல்ல. ஒவ்வொரு கண்ணியிலும் ஒரு பின், அதற்கு மேல் ஒரு புஷ், அதற்கு மேல் உருளுகிற ரோலர் என்று மூன்று அடுக்கு இருக்கிறது. 1880-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் மான்செஸ்டர் நகரத்தில் ஹான்ஸ் ரெனால்டு என்பவர் கண்டுபிடித்த அமைப்பு இது. இன்றைக்குக் கோயம்புத்தூரிலும் அம்பத்தூரிலும் செய்கிற செயினும், நம் மாவட்டத்திலேயே ஒரகடத்தில் 2013 முதல் தயாராகிற என்பீல்டு வண்டியில் ஓடுகிற செயினும் அந்த வழிதான். நெல் அறுவடை இயந்திரத்தில் ஓடுகிற செயின்களிலும் பெரும்பாலானவை இதே ஜாதி. கியர் இல்லாத ஸ்கூட்டரில் செயினுக்குப் பதில் பெல்ட் இருக்கும். அது வேறு கதை.

"செயின் நீண்டு போச்சு" என்று சொல்கிறோம். உண்மையில் தகடு ரப்பர் மாதிரி இழுபடுவது இல்லை. பின்னும் புஷ்ஷும் ஒன்றோடு ஒன்று உரசித் தேய்கின்றன. சாதாரண 100 சி.சி. வண்டிச் செயினில் சுமார் 110 கண்ணி இருக்கும். கண்ணிக்குப் பத்தில் ஒரு பங்கு மில்லிமீட்டர் தேய்ந்தால்கூட மொத்தத்தில் 11 மில்லிமீட்டர் தொங்கல் வந்துவிடும். வண்டி ஒரு கிலோமீட்டர் ஓடுவதற்குள் செயின் சுமார் 200 தடவை சுற்றி வருகிறது. 20 கிலோமீட்டர் போனால் 4,000 சுற்று. அத்தனை சுற்றிலும் ஒவ்வொரு பின்னும் மடங்கி நிமிர்கிறது. நடுவில் எண்ணெய் இருந்தால் வழுக்கும், செம்மண் இருந்தால் அராவும். விஷயம் அவ்வளவுதான்.

இனி சத்தம். முதலில் சத்தம் இன்ஜினிலிருந்து வருகிறதா, பின்பக்கமிருந்து வருகிறதா என்று பிரித்துக்கொள்ள வேண்டும். நின்ற இடத்தில் நியூட்ரலில் வைத்து ஆக்சிலேட்டரை ஏற்றி இறக்குங்கள். சத்தமும் கூடவே ஏறி இறங்கினால் அது இன்ஜின் சம்பந்தப்பட்டது. இன்ஜினுக்கு உள்ளே டைமிங் செயின் என்று சின்னதாக இன்னொரு செயின் இருக்கிறது. அது தளர்ந்தாலும் 'சல சல' என்று சத்தம் போடும். அதை மெக்கானிக் கடையில்தான் பார்க்க வேண்டும். நின்ற இடத்தில் சத்தம் இல்லை, வண்டி உருளும்போது மட்டும் வருகிறது என்றால் செயின், சக்கரம், பிரேக் இந்த மூன்றில் ஒன்று.

அடுத்து, வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் போட்டு நியூட்ரலில் பின்சக்கரத்தை மெதுவாகக் கையால் சுற்றுங்கள். டயரில் ஓரிடத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். செயின் ஒரு முழுச் சுற்று வருவதற்குள் சக்கரம் இரண்டரைச் சுற்றுக்கு மேல் சுற்றிவிடும். 'டக்' என்ற சத்தம் கோடு மேலே வரும்போதெல்லாம் வந்தால் கோளாறு சக்கரத்தில், பிரேக்கில் அல்லது பின் பல்சக்கரத்தில் இருக்கிறது. இரண்டு மூன்று சுற்றுக்கு ஒரு தடவைதான் வருகிறது என்றால் செயினில் ஏதோ ஒரு கண்ணியில். அந்தக் கண்ணியைக் கண்டுபிடிப்பதும் சுலபம். பல்சக்கரத்தை விட்டு வரும்போது நிமிராமல் முடங்கியே வருகிற கண்ணி எதுவோ அதுதான். துருப்பிடித்திருக்கும். எண்ணெய் விட்டுக் கையால் மடக்கி நிமிர்த்திப் பாருங்கள். வழிக்கு வராவிட்டால் அந்தச் செயினை நம்பி மூட்டை ஏற்ற வேண்டாம்.

சத்தத்தின் ஜாதியும் காட்டிக்கொடுக்கும். சிள்வண்டு கத்துகிற மாதிரி 'கிறீச் கிறீச்' என்று வந்தால் எண்ணெய் காய்ந்துவிட்டது. மேடு பள்ளத்தில் இறங்கும்போது 'சடார் சடார்' என்று தகரத்தில் அடித்தால் செயின் தொய்ந்து கவரில் படுகிறது. கவரே நெளிந்து செயினில் உரசுவதும் உண்டு, அதையும் பாருங்கள். கிளட்சை விடும்போதும் ஆக்சிலேட்டரைத் திடீரென்று குறைக்கும்போதும் 'டொக்' என்று ஒரு இடி வந்தால் பின்சக்கர டிரம்முக்குள் இருக்கிற ரப்பர்கள் தேய்ந்திருக்கலாம். அவை இழுப்பின் அதிர்ச்சியைத் தாங்குவதற்காக வைத்தவை. விலை அதிகம் இல்லை. சக்கரத்தை எந்த இடத்தில் சுற்றினாலும் அம்மியில் அரைக்கிற மாதிரி 'கர கர' என்றால் பேரிங்கைச் சந்தேகியுங்கள்.

நம் பக்கத்துக்கே உரிய சத்தம் ஒன்று உண்டு. சொர்ணவாரி அறுப்பிலும் நவரை அறுப்பிலும் களம் கிடைக்காமல் தார் ரோட்டில் நெல்லையும் வைக்கோலையும் பரப்புகிறோம். அதன் மேல் வண்டி ஏறிப் போகும்போது வைக்கோல் இழை செயினோடு போய் முன் பல்சக்கரத்தில் கயிறு மாதிரி சுற்றிக்கொள்ளும். 'சர சர' என்று ஒரு சத்தம், கொஞ்சம் தீய்ந்த வாசனை. முன் பல்சக்கரம் ஒரு மூடிக்குள் இருப்பதால் வெளியில் தெரியாது. அதைக் கழற்றிப் பார்த்தால் வைக்கோலும் சேறும் பழைய எண்ணெயும் கலந்து வறட்டி மாதிரி அப்பியிருக்கும். ஒரு குச்சியால் சுரண்டி எடுத்துவிடுங்கள். அப்படியே விட்டால் அங்கே உள்ள ஆயில் சீல் கெட்டு, இன்ஜின் ஆயில் கசிய ஆரம்பிக்கும்.

இப்போது மிக முக்கியமான இடத்துக்கு வருகிறேன். சத்தம் வருகிறது என்றதும் நம்மில் பலர் செய்கிற வேலை, செயினை இறுக்குவது. தம்பி பழக்கின மாட்டுக்குக் கயிறு கட்டுகிற மாதிரி விறைப்பாக இழுத்து வைத்துவிடுகிறோம். சத்தமும் அடங்கிவிடும். இரண்டு நாள் நிம்மதி. ஆனால் செயின் கொஞ்சம் தொய்வதைவிட அதிகமாக இறுகுவதுதான் கெடுதல்.

காரணம் கேளுங்கள். பின்சக்கரத்தைத் தாங்குகிற கை ஷாக் அப்சார்பரோடு சேர்ந்து மேலும் கீழும் ஆடுகிறது. ஆள் இல்லாத வண்டியில் சக்கரம் கீழே தொங்குகிறது, செயின் தளர்வாக இருக்கிறது. நீங்கள் ஏறி உட்கார்ந்து, பின்னால் ஒரு மூட்டையும் வைத்தால் சக்கரம் மேலே ஏறுகிறது. முன் பல்சக்கரம், கையின் கீல், பின் ஆக்சில் மூன்றும் ஒரே நேர்கோட்டுக்கு வரும்போது முன்னுக்கும் பின்னுக்கும் உள்ள தூரம் மிக அதிகமாகிறது. செயின் அப்போது இறுகுகிறது. வெறும் வண்டியிலேயே விறைப்பாக வைத்திருந்தால் மூட்டை ஏற்றி ஒரு பள்ளத்தில் இறங்கும்போது அந்த இழுப்பு எங்கே போகும்? கியர் பாக்ஸ் ஷாப்டில் உள்ள பேரிங்குக்கும் பின்சக்கரப் பேரிங்குக்கும் போகும். இறுக்கமான செயின் ஓடும்போது 'ஊஊ' என்று முனகும். அந்த முனகலை "வண்டி நல்லா இழுக்குது" என்று நினைத்துக்கொள்கிறவர்களும் உண்டு!

எவ்வளவு தொங்கல் வேண்டும்? சென்டர் ஸ்டாண்டு போட்டு, கீழ்ப் பக்கச் செயினின் நடுப்பகுதியை விரலால் மேலே தூக்கிக் கீழே இழுங்கள். சாதாரண வண்டிகளுக்கு மொத்த ஆட்டம் 20 முதல் 30 மில்லிமீட்டர் வரை, அதாவது ஓர் அங்குலத்தை ஒட்டி இருந்தால் சரி. வண்டியோடு கொடுத்த புத்தகத்தில் உங்கள் வண்டிக்கு உரிய அளவு போட்டிருக்கும், அதுதான் கணக்கு. சக்கரத்தைச் சுற்றி நாலு இடத்தில் பாருங்கள். ஓரிடத்தில் தளர்வாகவும் ஓரிடத்தில் இறுக்கமாகவும் இருப்பது சகஜம். இறுக்கமாக உள்ள இடத்தை வைத்துத்தான் அளவு வைக்க வேண்டும். வழக்கமாகப் பாரம் ஏற்றுகிறவர்கள் இன்னொரு சோதனையும் செய்துவிடுங்கள். வண்டியைத் தரையில் இறக்கி, இரண்டு பேரை உட்காரவைத்து, இன்ஜின் நின்றபடியே செயினைத் தொட்டுப் பாருங்கள். அப்போதும் கொஞ்சம் ஆட வேண்டும்.

செயினைச் சரிசெய்வது வீட்டிலேயே முடிகிற வேலை. ஆக்சில் நட்டைத் தளர்த்தி, இரண்டு பக்கத்து அட்ஜஸ்டரையும் சம அளவில் திருப்ப வேண்டும். அதில் கோடு போட்டிருப்பார்கள். வலது பக்கம் மூன்றாம் கோடு என்றால் இடது பக்கமும் மூன்றாம் கோடு. ஒரு பக்கம் கூடினால் சக்கரம் கோணலாக நிற்கும், ஏர் மாட்டில் ஒன்று முந்தி ஒன்று பிந்தி இழுக்கிற மாதிரி. பல்சக்கரத்தின் பல்லில் ஒரு பக்கம் மட்டும் பளபளவென்று தேய்ந்திருந்தால் கோணல் இருக்கிறது என்று அர்த்தம். பிறகு ஆக்சில் நட்டை நன்றாக முடுக்குங்கள். இன்னொன்றையும் பலர் மறந்துவிடுகிறார்கள். சக்கரம் பின்னால் நகர்ந்ததால் டிரம் பிரேக் ராடும் இழுபட்டிருக்கும். பிரேக் பிடித்தபடியே ஓடி டிரம் சூடாகும். பிரேக் பெடல் ஆட்டத்தையும் சரிபார்த்துவிட்டுத்தான் வண்டியை எடுக்க வேண்டும்.

எண்ணெய் விஷயத்தில் கேள்வி நிறைய வரும். "சார், மாற்றின பழைய இன்ஜின் ஆயில் சும்மாதானே கிடக்குது, அதையே ஊற்றினால் என்ன?" கிடக்கட்டும். அதில் கரியும் இரும்புத் தூளும் கலந்திருக்கிறது. "அப்ப கிரீஸ்?" கிரீஸ் வெளியே அப்பிக்கொண்டு நிற்குமே தவிரப் பின்னுக்கும் புஷ்ஷுக்கும் நடுவே இறங்காது. போதாததற்குப் புழுதியைப் பிடித்து வைத்துக்கொண்டு உப்புத்தாள் வேலை செய்யும். தேங்காயெண்ணெய் நிற்காது. கியர் ஆயில் என்று 90 நம்பர் எண்ணெய் கடையில் விற்கிறது, அதை வாங்குங்கள். ஸ்பிரே டப்பாவும் கிடைக்கிறது, விலை கூடுதல். ஓர் ஏழைக் குடும்பத்து வண்டிக்கு 90 நம்பர் ஆயில் தாராளம்.

போடுகிற விதம்தான் முக்கியம். முதலில் ஒரு பழைய பிரஷ்ஷை மண்ணெண்ணெயில் நனைத்து அழுக்கைத் தேய்த்து எடுங்கள். பெட்ரோல் வேண்டாம். தீ ஆபத்து ஒரு பக்கம், சில செயின்களில் கண்ணிக்குக் கண்ணி இருக்கிற சின்ன ரப்பர் வளையம் கெட்டுவிடும் என்பது இன்னொரு பக்கம். அந்த வளையச் செயினுக்குக் கம்பி பிரஷ்ஷும் ஆகாது. துடைத்து உலரவிட்ட பிறகு, கீழ்ப் பக்கச் செயினின் உள்புறத்தில், தகடும் தகடும் சேருகிற இடுக்கில் சொட்டுச் சொட்டாக விடுங்கள். சக்கரம் சுற்றும்போது எண்ணெய் வெளிப்புறமாகத்தான் வீசப்படும். உள்புறம் விட்டால் கண்ணி வழியாக வெளியே வரும்போது வேலை செய்துவிட்டு வரும். இதைச் சாயங்காலம் செய்துவிட்டு ராத்திரி முழுக்க அப்படியே விடுங்கள். காலையில் மேலே உள்ள மிச்சத்தைத் துணியால் துடைத்துவிடுங்கள். பளபளவென்று எண்ணெய் வழிகிற செயின் பார்க்கத்தான் அழகு.

எத்தனை நாளைக்கு ஒரு தடவை? சுமார் 500 கிலோமீட்டருக்கு ஒரு முறை என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் நம் வண்டிக்குக் கிலோமீட்டர் மட்டும் கணக்கல்ல. சேற்றில் இறங்கினால், ஏரிக் கலங்கல் தண்ணீரில் ஓட்டினால், மழையில் நனைந்தால் அன்றைக்கே துடைத்து எண்ணெய் விட வேண்டும். தைப்பூசத்துக்குச் செய்யாற்று மணலில் வண்டியை ஓட்டிக்கொண்டு போகிறோமே, அதற்கு மறுநாளும்தான். உர மூட்டை ஏற்றிய நாளும் அப்படியே. பொட்டாஷ் உரம் ஒரு வகை உப்பு. மூட்டையிலிருந்து சிந்தின தூள் ஈரத்தோடு சேர்ந்தால் செயின் சீக்கிரமே துருப்பிடிக்கும்.

செயினை எப்போது மாற்றுவது? பின் பல்சக்கரத்தின் கடைசி வளைவில் செயினை விரலால் பின்பக்கமாக இழுத்துப் பாருங்கள். பல்லை விட்டு விலகிப் பாதிப் பல் வெளியே தெரிந்தால் முடிந்தது. கணக்காகப் பார்க்க வேண்டுமா? கண்ணிக்கு அரை அங்குலம் உள்ள செயினில் 20 கண்ணியின் நீளம் புதிதில் 254 மில்லிமீட்டர். இழுத்துப் பிடித்து டேப் வைத்து அளக்கும்போது 259 வந்துவிட்டால் தயங்க வேண்டாம். பல்சக்கரத்தின் பல் கதிர் அரிவாள் நுனி மாதிரி ஒரு பக்கமாக வளைந்திருந்தாலும் அப்படியே. மாற்றும்போது செயின், முன் பல்சக்கரம், பின் பல்சக்கரம் மூன்றையும் செட்டாக மாற்றுங்கள். செயினை மட்டும் மாற்றினால் பணம் மிச்சம் என்று தோன்றும். வளைந்த பழைய பல் புதுச் செயினைச் சீக்கிரத்திலேயே தின்றுவிடும்.

செயின் அறுந்தால் வண்டி நிற்கும், அவ்வளவுதானே என்று நினைக்க வேண்டாம். அறுந்த செயின் முன் பல்சக்கரத்தில் சுருண்டு, இன்ஜின் கேஸையே உடைத்துவிடலாம். பின்சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி ஆளோடு விழலாம். பின்னால் உட்கார்ந்திருப்பது வீட்டுப் பெண்களாக இருந்தால் இன்னொரு பயமும் உண்டு, சேலைத் தலைப்பு. பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைப்பு இருக்க வேண்டும் என்று 1989-ஆம் ஆண்டு மோட்டார் வாகன விதிகளில் 123-ஆம் விதி சொல்கிறது. நெளிந்து சத்தம் போடுகிறது என்று செயின் கவரையும் சேலை மறைப்பையும் கழற்றி மூலையில் போட்டிருக்கிறீர்களா? நிமிர்த்தி மாட்டுங்கள்.

கடைசியாக செயின் லாக். செயினின் இரண்டு முனையையும் சேர்க்கிற கண்ணியில் மீன் மாதிரி ஒரு கிளிப் இருக்கும். மூடிய பக்கம் தலை, பிளந்த பக்கம் வால். செயின் எந்தப் பக்கம் ஓடுகிறதோ அந்தப் பக்கம் தலை இருக்க வேண்டும். மேல் பக்கச் செயினில் பார்த்தால் தலை இன்ஜினை நோக்கி இருக்கும். திருப்பிப் போட்டால் எதிலாவது தட்டிக் கிளிப் கழன்றுவிடும். எண்ணெய் போடும்போதெல்லாம் அதை ஒரு பார்வை பாருங்கள். உங்கள் செயினுக்குப் பொருந்தின அளவில் புது லாக் ஒன்றும், ஒரு கொறடும், டார்ச் லைட்டும் டூல் பெட்டியில் கிடக்கட்டும். ராத்திரி வழியில் லாக் கழன்றால் வண்டியை ரோட்டை விட்டு ஓரமாகத் தள்ளி, இன்ஜினை நிறுத்தி, செயினின் இரண்டு முனையையும் பின் பல்சக்கரத்தின் பல் மேலேயே கொண்டுவந்து சேருங்கள். அங்கே பல்லே இரண்டு முனையையும் பிடித்துக்கொள்ளும். லாக் சுலபமாக உட்காரும். மூட்டையை இறக்கி வைத்துவிட்டு, வெறும் வண்டியாக மெதுவாக வீடு வந்து சேருங்கள். மூட்டையை விடிந்த பிறகு எடுத்துக்கொள்ளலாம்.